எஃப்எஸ்எஃப்ஐ கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைச் சோதிப்பது எப்படி?

பெண்களின் பாலியல் நலத்தை அளக்க 2000-இல் வெளியான எஃப்எஸ்எஃப்ஐ-யில் (Female Sexual Function Index) 19 கேள்விகள். விருப்பம், கிளர்ச்சி, ஈரத்தன்மை, உச்சகட்டம், திருப்தி, வலி என ஆறு பிரிவுகள். எல்லாமே கடந்த நான்கு வாரங்களைப் பற்றியவை. மொழிபெயர்ப்பும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. பதிவு. பதிலின் வரிசை எண்ணை அல்ல, அதற்குரிய மதிப்பெண்ணைப் பதியுங்கள். 3-ஆம் கேள்வியில் 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 5. வலி பற்றிய 17-இல் அதே பதிலுக்கு 1. பிரிவுக் கூட்டுத்தொகையை விருப்பத்துக்கு 0.6, கிளர்ச்சிக்கும் ஈரத்தன்மைக்கும் 0.3, மற்ற மூன்றுக்கும் 0.4-ஆல் பெருக்குங்கள். மொத்தம் 2 முதல் 36 வரை. 2-க்குக் கீழே வந்தால் பதிவில்தான் பிழை.

2. பூஜ்ஜியங்கள். பலர் வழுக்குவது இங்கேதான். 0 என்றால் 'மோசம்' அல்ல, அந்த நான்கு வாரங்களில் 'பாலியல் உறவே இல்லை'. கணவர் வெளியூரில் இருக்கும் பெண் கிளர்ச்சியின் நான்கு கேள்விகளுக்கும் 0, 0, 0, 0 பெறலாம். உறவில் இருப்பவர் 3, 4, 4, 3 பெறுவார். இருவரையும் ஒரே கோப்பில் போட்டால் கேள்விகள் பிரமாதமாக ஒத்துப்போவதுபோல ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) ஏறும். அது கேள்விகளின் தரமல்ல, யார் உறவில் இருந்தார் என்ற தகவல் மட்டுமே. உறவில் இல்லாதவர்களோடு ஒருமுறை, அவர்களை நீக்கிவிட்டு ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். வலிக்குப் பயந்து உறவைத் தவிர்த்தவருக்கும் அதே 0 தான். அதனால் காரணத்தைத் தனிக் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

3. உள் ஒத்திசைவு. மேலே சொன்ன ஆல்ஃபாவை, அதாவது க்ரோன்பாக் ஆல்ஃபாவை, பிரிவுவாரியாகப் பாருங்கள், 0.7-க்குக் குறையக் கூடாது. 0.95-ஐத் தாண்டினால் மகிழாதீர்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களோ என்று பாருங்கள். விருப்பத்தில் இரண்டே கேள்விகள் என்பதால் அங்கே ஆல்ஃபாவுக்குப் பதில் ஸ்பியர்மேன்-பிரவுன் குணகம் பொருத்தம்.

4. மறுசோதனை. அதே பெண்களிடம் அதே கேள்வித்தாளை மீண்டும் கொடுப்பது. குறைந்தது 50 பேர், 100 இருந்தால் நல்லது. இரண்டு வார இடைவெளி. முதல்முறை தாளில் என்றால் இரண்டாம் முறையும் தாளில். பெயர் வேண்டாம், ரகசியக் குறியீடு போதும். இடையில் சிகிச்சை தொடங்கியவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. ஐசிசி. இரண்டு முறை வந்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் இது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தானாக 'கன்சிஸ்டன்சி'யைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். 'அப்சல்யூட் அக்ரிமென்ட்' என்று மாற்றுங்கள். விடையில் 'சிங்கிள் மெஷர்ஸ்' வரிதான் உங்களுக்கு. 'ஆவரேஜ்' வரி எப்போதும் கவர்ச்சியாக இருக்கும், எடுக்காதீர்கள். இலவசமாக வேண்டுமென்றால் ஆர் மென்பொருளின் 'சைக்' தொகுப்பு. என் ஓட்டு அதற்கே. அதில் ஐசிசி2 வரியைப் பாருங்கள்.

6. அளவீட்டுப் பிழை. திட்ட விலக்கம் 5, ஐசிசி 0.84 என்றால் பிழை 5 × √(1 − 0.84) = 5 × √0.16 = 2. அதை 2.77-ஆல் பெருக்கினால் 5.5. ஒருவரிடம் அதைத் தாண்டிய மாற்றத்தைத்தான் உண்மையான மாற்றம் என்று நம்பலாம். ஒருவரின் மதிப்பெண் சிகிச்சைக்குப் பின் 4 கூடினால், அது வெறும் அளவீட்டு ஆட்டமாகவும் இருக்கலாம்.

பின்சேர்க்கை: திருப்திப் பிரிவில் 14-ஆம் கேள்விக்கு மட்டும் 0 உண்டு, 15, 16-க்குக் கிடையாது. ஆகவே 'எல்லாக் கேள்வியிலும் 0' என்று வடிகட்டினால் உறவில் இல்லாத ஒருவர்கூடச் சிக்கமாட்டார். 3 முதல் 14 வரையும் 17 முதல் 19 வரையும் எல்லாவற்றிலும் 0 இருக்கிறதா என்று வடிகட்டுங்கள்.