கர்ப்பகாலச் சிறுநீர்க் கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தும்மினால் இரண்டு சொட்டு கசிகிறது என்றதும் பலரும் முதலில் குறைப்பது தண்ணீரைத்தான். அது கசிவை நிறுத்தாது. சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசரம் கூடும், மலச்சிக்கலும் வரும். மலம் கழிக்க முக்குவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசையை இன்னும் கீழே தள்ளும். நாளுக்கு எட்டு முதல் பத்து டம்ளர் வரை குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டியது காபி. ஒரு நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீன்தான் உச்சவரம்பு. டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் இரண்டு டம்ளரிலேயே அதை எட்டிவிடலாம்.

இந்த இடுப்புத்தளத் தசையை வலுவாக்கும் கீகல் பயிற்சியில்தான் தவறுகள் அதிகம். சிறுநீர் போகும்போது பாதியில் அடக்கிப் பழகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வழக்கமாகச் செய்தால் பை முழுதாகக் காலியாகாது, கிருமித்தொற்றுக்கு இடம் கொடுக்கும். பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். பத்துமுறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. மூச்சை அடக்கினாலோ, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கினாலோ வேலை செய்வது வேறு தசை. தளர்த்துவதை அவசரப்படுத்தினால் தசை சோர்ந்துவிடும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை இருமல், தும்மல் வருவதற்குச் சற்று முன்பே இறுக்கிப் பிடித்துப் பழகுங்கள், கசிவு குறையும்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று அரைமணிக்கொருமுறை கழிவறைக்குப் போனால் சிறு அளவுக்கே அவசரம் காட்டப் பை பழகிவிடும்.

எரிச்சலை “உடம்புச் சூடு” என்று இளநீரோடும் பார்லி கஞ்சியோடும் விடுவதும் ஆபத்து. சிறுநீர்த்தொற்று சிறுநீரகம் வரை ஏறலாம், குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையும், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்துவிடுங்கள். காய்ச்சல், குளிர், விலாவுக்குக் கீழே முதுகுவலி இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எல்லா ஈரமும் சிறுநீர் அல்ல. கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீராகவும் இருக்கலாம். சிறுநீர்க் கசிவு பெரும்பாலும் இருமலோடும் அவசரத்தோடும் வந்து நிற்கும். பனிக்குட நீர் அடக்கினாலும் நிற்காமல் வடியும், சிறுநீர் வாடை இருக்காது. சந்தேகம் என்றால் பையைக் காலி செய்துவிட்டு, சுத்தமான வெள்ளை நாப்கின் வைத்து அரைமணி படுத்து எழுந்து பாருங்கள். நனைந்திருந்தால், அந்த நாப்கினையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீர் பச்சையாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்திருந்தால், இந்த அரைமணிகூடக் காத்திருக்க வேண்டாம்.