லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைப்பது எப்படி

போன மாதம் என் பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, டிஸ்க்கோடு கொடுத்தால்தான் வாங்குவோம், சரிசெய்தபின் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த டிஸ்க்கில் ஏழு வருடத்துப் புகைப்படங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், வீட்டில் இருக்கும் எல்லோருடைய அடையாள அட்டை நகல்கள் இருந்தன. துடைத்துவிட்டுக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். வேலை முடிந்தது என்று நம்பி டிஸ்க்கைத் திரும்ப மாட்டப் போன நேரத்தில்கூட அத்தனையும் உள்ளேதான் இருந்தன. எங்கே தவறியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு பயம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே நடப்பதையெல்லாம் பதிவு செய்யும்படி தயார் செய்த லேப்டாப்களை 16 இடங்களில் ரிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. 6 இடங்களில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதில் 2 இடங்களில் நகலும் எடுத்திருக்கிறார்கள்.

முதலில், டிஸ்க்கைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

பேட்டரி, கீபோர்டு, திரை, மூடியின் கீல் இவற்றில் கோளாறு என்றால் டிஸ்க்குக்கு அங்கே வேலையே இல்லை. கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அடிமூடியைத் திறந்து ஒன்றிரண்டு திருகாணிகளை எடுத்தால் டிஸ்க் கையில் வந்துவிடும். இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. சில மெல்லிய லேப்டாப்களில் மட்டும் சேமிப்புச் சில்லை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே இது நடக்காது.

கழற்ற வழியில்லை, அல்லது என்னைப் போல டிஸ்க்கோடுதான் கொடுக்க வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பேக்கப்பும் டிஸ்க்கின் வகையும்

பேக்கப் எடுப்பது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது என்பதை மட்டும் நம்பித் துடைக்காதீர்கள். துடைத்தபின் திரும்ப எடுக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால், பேக்கப் எடுக்க உங்களாலேயே முடியாது.

அடுத்தது, உங்களிடம் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா? இரண்டுக்கும் துடைக்கும் முறை வேறு வேறு. லேப்டாப் ஓடுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கின் கீழேயே போட்டிருக்கும். ஓடவில்லை என்றால் கழற்றிப் பாருங்கள். விரல் நீளத்துக்குத் தட்டையான சிறு பலகையாக இருந்தால் எஸ்எஸ்டி. இரண்டரை அங்குலப் பெட்டியாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். லேபிளில் 5400 அல்லது 7200 என்று சுழல் வேகம் போட்டிருந்தால் அது ஹார்ட் டிஸ்க்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்: நான் தவறிய இடம்

என் லேப்டாப் உயிரோடு இல்லாததால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து கணினியோடு இணைக்கும் பெட்டி) போட்டு, வீட்டிலிருந்த இன்னொரு விண்டோஸ் கணினியில் செருகினேன். இதற்குத் தனியாக மென்பொருள் எதுவும் தேவையில்லை, விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் போதும். எனக்குப் பிடித்த கருவியும் அதுதான். விளம்பரம் கிடையாது, முழுப் பதிப்பை வாங்கச் சொல்லி நச்சரிக்காது.

ஆரம்பிக்கும் முன் பேக்கப் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கணினியிலிருந்து உருவிவிடுங்கள். பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க் அதே மேசையில் செருகியபடி இருப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து.

கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்பை எழுதுகிறேன். பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக அளவோடு காட்டும். 0 என்பது பெரும்பாலும் அந்தக் கணினியின் சொந்த டிஸ்க், ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துடைக்க வேண்டியது 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1'. உடனே 'டீடெய்ல் டிஸ்க்' என்று தட்டி, வரும் மாடல் பெயரை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். சில யூஎஸ்பி கேஸ்கள் டிஸ்க்கின் பெயருக்குப் பதிலாகத் தங்கள் பெயரைக் காட்டும். அப்போது அளவையும், கீழே வரும் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) பெயர்களையும் வைத்து உறுதி செய்யுங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

இனிமேல்தான் விஷயம். நான் 'கிளீன்' என்று தட்டி என்டர் அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, வெற்றிகரமாக முடிந்தது என்று வந்தது. எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் டிஸ்க்கே காணோம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முழுக்க ஒதுக்கப்படாத வெற்றிடம் என்று காட்டியது. சரி, முடிந்தது என்று கேஸைத் திறக்கப் போனேன்.

ஒரு டெராபைட் டிஸ்க் ஒரே நொடியில் எப்படிச் சுத்தமாகும் என்ற கேள்வி அப்புறம்தான் உறைத்தது. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்புக் கருவியை இறக்கி அந்த டிஸ்க்கில் ஓட்டினேன். அரை மணி நேரத்துக்குள் கோப்புகள் ஆயிரக்கணக்கில் கொட்ட ஆரம்பித்தன. பழைய பெயர்கள் இல்லை, எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீண்ட எண்ணுமாக இருந்தன. ஏதோ ஒன்றைத் திறந்தேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. தாளின் மேல் ஓரத்தில் அவர் பெயரும் வயதும், நடுவில் சர்க்கரை அளவைச் சுற்றி நான் பேனாவால் போட்ட வட்டமும் அப்படியே தெரிந்தன. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். 'கிளீன்' என்ற கட்டளை டிஸ்க்கில் எந்தெந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் எடுக்கிறது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் சாமான் காலியாகிவிடுமா? ஷிஃப்ட் டெலிட்டும், குயிக் ஃபார்மட்டும் இதே ரகம்தான். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய டிஸ்க்குகள் 158ஐ வாங்கி ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, வேலை செய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12. விற்றவர்களில் பலரும் அழித்துவிட்டோம் என்று நம்பித்தான் விற்றிருப்பார்கள்.

நீங்கள் தட்ட வேண்டியது 'கிளீன் ஆல்'. இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி. இது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரிலும் (தகவல் பதியும் சிறு துண்டு) பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகும். என்டர் அழுத்தியதும் எதுவும் நடக்காதது போல இருக்கும். சதவீதம் காட்டாது, கோடு நகராது. தொங்கிவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடிவிடாதீர்கள். கேஸின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டுக்கு ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம் ஆகும், டிஸ்க்கின் உள்வட்டங்களில் வேகம் குறைவதால் இன்னும் இழுக்கும். நான் இரவு போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். கணினி தானாகத் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவைக்க மறக்க வேண்டாம்.

காலையில் ஃபோட்டோரெக்கை மறுபடி ஓட்டினேன். கடைசி செக்டர்வரை தேடிவிட்டு, கிடைத்தது பூஜ்யம் என்று சொன்னது. இந்தச் சரிபார்ப்பை நீங்களும் செய்யுங்கள். அதுவரை துடைத்தாகிவிட்டது என்று நான் ஏற்கமாட்டேன்.

35 முறை எழுத வேண்டும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பீட்டர் குட்மன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அந்தக் காலத்து டிஸ்க்குகளின் பல வகைப் பதிவு முறைகளை மனதில் வைத்துச் சொன்னது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பிற்பாடு விளக்கிவிட்டார். ஒரு முறை முழுசாக எழுதினால் போதும். 35 முறை எழுதினால் ஒரு டெராபைட்டுக்கு நான்கு நாள் ஆகும், டிஸ்க்குக்கும் வீண் தேய்மானம்.

இன்னொரு கணினி இல்லை, ஆனால் லேப்டாப் ஓடுகிறது என்பவர்களுக்கு ஷ்ரெட்ஓஎஸ் என்ற துடைக்கும் கருவியைப் பரிந்துரைக்கிறேன். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து துவக்க வேண்டும். டிபேன் என்ற பழைய கருவியைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதைத் தவிருங்கள். பல வருடங்களாகப் புதுப்பிக்கவில்லை, எஸ்எஸ்டிக்கும் ஆகாது.

விண்டோஸிலேயே 'ரீசெட் திஸ் பிசி' மூலமும் செய்யலாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்தபின் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'கிளீன் டேட்டா' என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். அதைத் தொடாமல் போனால் கோப்புகளை நீக்குவதோடு சரி, மேலே எதையும் எழுதாது.

எஸ்எஸ்டி என்றால்

மேலே சொன்ன பூஜ்யம் எழுதும் முறையை இங்கே நம்ப வேண்டாம். எஸ்எஸ்டி தன் செல்கள் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நீங்கள் ஓர் இடத்தில் எழுதச் சொன்னால் வேறோர் இடத்தில் எழுதும். வெளியே காட்டாத உபரி இடமும் அதனிடம் உண்டு. பழைய தகவல் அங்கே தங்கிவிடலாம்.

அதனால் துடைக்கும் வேலையை எஸ்எஸ்டியிடமே கொடுக்க வேண்டும். பல லேப்டாப்களின் பயோஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அந்த வசதி இருக்கிறது. ஹெச்பியில் செக்யூர் இரேஸ், டெல்லில் டேட்டா வைப், திங்க்பேடில் செக்யூர் வைப் என்று பெயர். அங்கே இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் கருவியைப் பாருங்கள், சாம்சங்குக்கு மெஜிஷியன் போல. சில எஸ்எஸ்டிகளில் இது சில நொடிகளிலேயே முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நொடி என்பது சந்தேகப்பட வேண்டிய விஷயம், இங்கே அப்படி இல்லை. அந்த வகை எஸ்எஸ்டிகள் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. திறவுகோலை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது.

துடைத்த பிறகு விண்டோஸை வெறுமனே நிறுவி, உங்கள் கணக்கில் நுழையாமல், கடவுச்சொல் இல்லாத ஒரு கணக்கோடு கொடுங்கள். ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு அது போதும்.

பின்சேர்க்கை 1: எஸ்எஸ்டியைத் துடைக்கப் போனால் 'ஃப்ரோஸன்' என்று வந்து நிற்கிறதே என்று இருவர் கேட்டிருந்தார்கள். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டிகளில் இது வழக்கம். வைரஸ் ஏதாவது டிஸ்க்கை அழித்துவிடக் கூடாது என்று துவங்கும்போதே பயோஸ் பூட்டிவிடுகிறது. லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விலகிவிடும். பார்ட்டட் மேஜிக்கில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி, ஆனால் புதியவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

பின்சேர்க்கை 2: டிஸ்க்கே பழுது, வாரண்டியில் மாற்றப் போகிறார்கள், என்ன செய்வது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கெட்டுப்போனதாக ஒதுக்கப்பட்ட செக்டர்களில் 'கிளீன் ஆல்' எழுதாது, பாதியில் நின்றும் போகலாம். பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று கொடுக்கும் முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு அதை அனுமதிக்கின்றன. தரமாட்டார்கள் என்றால், உள்ளே இருப்பதன் மதிப்பை வாரண்டியோடு எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியதுதான். நானாக இருந்தால் புது டிஸ்க்கை என் காசில் வாங்கிக்கொள்வேன். வாங்கிய புது டிஸ்க்கில் முதல் நாளே பிட்லாக்கரை ஆன் செய்துவிடுங்கள், அடுத்த முறை டிஸ்க் ஓடாமலே போனாலும் உள்ளே இருப்பது வெறும் குறியாக்கமாகத்தான் இருக்கும். என் லேப்டாப் திரும்பி வந்த அன்றே நான் செய்த முதல் வேலை அது. மீட்பு எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.