பள்ளிக்கரணைய தோண்டி ஆழப்படுத்தப் போறோம்னு கூட்டம் போட்டா என்ன கேக்கணும்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் இருக்கறவங்களுக்காக எழுதுறேன். ஒவ்வொரு பெருமழைக்கு அப்புறமும் இதே பேச்சுதான், தென்சென்னைல இருக்கற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த தோண்டுங்க வெள்ளம் வராதுன்னு ஒரு தரப்பு, அங்க கையே வைக்காதீங்கன்னு இன்னொரு தரப்பு. 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் வீட்டுக்குள்ள தண்ணி பாத்தவங்களுக்கு கோவம் வராம இருக்குமா, ஆனா அதிகாரிங்க போடற கூட்டத்துக்கு வெறும் கோவத்தோட போனா பதில் வாங்காமதான் திரும்பி வருவீங்க, கணக்கோட போங்க.

முதல்ல அதிகாரிங்க தோண்டப்போறதா சொல்ற இடத்தோட சர்வே நம்பர கேட்டு வாங்குங்க. ஏன்னா வெளியிலேந்து பாத்தா ஒரே தண்ணிக்காடா தெரிஞ்சாலும் சட்டப்படி எல்லாம் ஒண்ணு இல்ல. 2007ல 317 ஹெக்டேர் காப்புக்காடுன்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேந்தது கிட்டத்தட்ட 1,247 ஹெக்டேர். 2017 ஈரநில விதிப்படி ஈரநிலத்த வேற பயன்பாட்டுக்கு மாத்தக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது. அதனால வனத்துறையும் மாநில ஈரநில ஆணையமும் இதுக்கு என்ன சொல்லிச்சுன்னு எழுத்துல கேளுங்க, வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க.

அடுத்தது தண்ணி கணக்கு, இதுலதான் பாதி திட்டம் ஆட்டம் காணும். ஒரு ஏக்கர்ல 10 செமீ மழை பெஞ்சா சுமார் 4 லட்சம் லிட்டர். 100 ஏக்கர் குடியிருப்புல 20 செமீ கொட்டுனா 8 கோடி லிட்டருக்கு மேல வருது. 2 ஏக்கர்ல 2 மீட்டர் ஆழத்துக்கு குளம் வெட்டுனா சுமார் 1.6 கோடி லிட்டர், அதாவது அஞ்சுல ஒரு பங்கு, அதுவும் குளம் காலியா இருந்தா மட்டும்தான். ரொம்ப முக்கியமான விஷயம் இது, அக்டோபர் கடைசில ஏற்கனவே நிரம்பி நிக்கிற பள்ளத்தால டிசம்பர் வெள்ளத்துக்கு ஒரு சொட்டு பிரயோஜனம் கிடையாது. பள்ளிக்கரணை மாதிரி தாழ்வான இடத்துல மழைக்காலத்துல நிலத்தடி நீர் தரைய ஒட்டியே நிக்கும், அதுக்கு கீழ தோண்டுற ஆழம் எல்லாம் ஊத்துத் தண்ணியே ரொப்பிக்கும். அதனால "எவ்ளோ ஆழம்"னு கேக்காதீங்க, "நவம்பர்ல எவ்ளோ காலி இடம் இருக்கும்"னு கேளுங்க.

அப்புறம் தண்ணி எங்க போகும்? தெக்க இருக்கற முப்பது சொச்சம் ஏரியோட உபரித் தண்ணி எல்லாம் இங்க வந்து, ஒக்கியம் மடுவுங்கற வடிகால் வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு போய், முட்டுக்காடு பக்கம் கடல்ல சேரணும். வெளிய போற வாய் குறுகலா இருக்கறப்ப வயித்த மட்டும் பெருசாக்கி என்ன ஆகப்போகுது, அதனால மடுவோட அகலம், பாலங்களுக்கு அடியில இருக்கற அடைப்பு, முகத்துவாரத்துல மண் மேடு இதப்பத்தி திட்டத்துல என்ன இருக்குன்னு விடாம கேளுங்க.

பறவையா மனுஷனான்னு யாராவது ஆரம்பிச்சா அந்தப் பக்கமே போகாதீங்க. பூநாரையும் உள்ளானும் நின்னு மேயறது ஆழமில்லாத தண்ணிலதான், அந்த ஆழமில்லாத பரப்புதான் மழைத் தண்ணிய விரிச்சு வாங்கி நிதானமா விடுது, சதுப்பு நிலம் நம்ம கேக்கற வேலைய ஏற்கனவே செஞ்சுகிட்டுதான் இருக்கு, நம்மதான் அத சுருக்கிட்டோம். என்னைக் கேட்டா புதுசா தோண்டறத விட, பயோமைனிங் பண்ணி, அதாவது பழைய குப்பைய தோண்டி தரம் பிரிச்சு எடுக்கற பெருங்குடி கிடங்கு நிலத்த திரும்ப தண்ணிக்கே விடுவீங்களான்னுதான் முதல் கேள்வியா கேப்பேன்.

கூட்டத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போட்டுடுங்க, 10 ரூபா தான், 30 நாள்ல பதில் தரணும். விரிவான திட்ட அறிக்கை, நீரியல் ஆய்வு, எந்த இடம் மேடு எது பள்ளம்னு காட்டற மண்மட்ட வரைபடம், தோண்டுற மண்ண எங்க கொட்டப் போறாங்கன்ற விவரம், இதெல்லாத்தோட நகலையும் கேளுங்க. மண்ண அங்கயே கரையா குவிச்சா அது இன்னொரு தெருவுக்கு அணையாயிடும், அந்தத் தெருக்காரங்களையும் கையோட கூட்டிட்டுப் போங்க.

பேசறதுக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. அதனால கேள்விகள நம்பர் போட்டு தாள்ல எழுதி ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ண அதிகாரிகிட்ட குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு வாங்க, நாளைக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனா அந்த சீல்தான் கைல இருக்கும்.