கூட்டும் முன் எண்ணாக்குங்கள்
வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், வலைப்பக்கத்தின் பெட்டியில் தட்டியதைக் கூட்டும் முன் நம்பர்( ), அதாவது Number( ), என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுங்கள். காரைக்குடிப் பலகாரக் கடைக்கு ஆர்டர் பக்கம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: சீப்புச் சீடை 250, அனுப்பும் செலவு 50. 300 வரவேண்டிய இடத்தில் 25050 என்று வந்து நிற்கும்! பெட்டி தருவது எப்போதும் எழுத்துதான், அது எண்ணுக்கான பெட்டியாகவே இருந்தாலும். கூட்டல் குறி எழுத்தைக் கண்டால் ஒட்டிவிடும். கழித்தலும் பெருக்கலும் தாமாகவே எண்ணாக்கிக்கொள்ளும், அதனால்தான் இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படாது.

‘1,250’ என்று கமா இருந்தால் நம்பர்( ) வேலை செய்யாது. முதலில் கமாவை நீக்குங்கள். அப்புறம், தொலைபேசி எண்ணை மட்டும் இப்படி மாற்றவே வேண்டாம். முன்னாலிருக்கும் பூஜ்யம் போய், 04565 என்பது 4565 ஆகிவிடும்.