வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இயற்கணிதம்: வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பாடத்திட்டத்துக்குக் காசு கொடுக்கும் முன்னால் 3/4-லிருந்து 5/6-ஐக் கழி, −7-லிருந்து −2-ஐக் கழி என்று பிள்ளைக்கு இரண்டு கணக்கு கொடுங்கள். தடுமாறினால் இயற்கணிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஏனென்றால் சமன்பாட்டில் திணறும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உண்மையான சிக்கல் பின்னத்திலும் குறை எண்ணிலும்தான்.

சரி, அது தேறிவிட்டதா? அடுத்து சொல்லிக்கொடுக்கும் பாணி. சாக்ஸன் என்ற அமெரிக்கக் கணிதப் பாடத்திட்டம் தினமும் பழைய கணக்குகளையும் கலந்தே கொடுக்கும், படித்ததைச் சீக்கிரம் மறக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். இன்னொரு அமெரிக்கப் பாடத்திட்டமான ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் முதலில் கணக்கைக் கொடுத்து யோசிக்கவிட்டு அப்புறம்தான் விளக்கும். கணக்கில் தானாகவே ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அருமை, மற்றவர்களுக்கு அழுகைதான் மிஞ்சும். இரண்டுக்குமே எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று காட்டும் இலவச நிலைத் தேர்வு இணையத்தில் இருக்கிறது, அதை எழுத வைக்காமல் வாங்காதீர்கள்.

விடைகள் மட்டும் உள்ள புத்தகம் போதாது. குறி எந்த வரியில் மாறிப்போனது என்று நீங்கள் காட்ட வேண்டுமே, அதற்குப் படிப்படியான தீர்வுகள் கட்டாயம் வேண்டும்.

இந்தியாவில் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறவர்கள் (14 வயது நிறைந்திருக்க வேண்டும்) வெளிநாட்டுப் புத்தகம் வாங்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. என்ஐஓஎஸ் பாடநூல், பயிற்சிக்கு என்சிஇஆர்டி பாடநூல், புரியாத இடத்துக்குக் காணொளிப் பாடங்கள் தரும் கான் அகாடமி, மூன்றும் இணையத்தில் இலவசம்.