ஆறு இலக்க எண்ணை 7 வகுக்குமா? ஒரு கழித்தல் போதும்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஆறு இலக்க எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. கேரள லாட்டரிச் சீட்டு ஒன்றைப் பார்த்தால் போதும். (பரிசு விழ இது உதவாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.)

684215 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கம் 5, அதனால் 5 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 26, 3 வகுக்காது. இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். 7, 11, 13 என்று வரும்போதுதான் பேனாவைத் தேடுவோம்.

எண்ணை நடுவில் வெட்டுங்கள்: 684, 215. பெரியதில் சிறியதைக் கழித்தால் 469. இது 7-இன் 67 மடங்கு. அப்படியென்றால் முழு எண்ணையும் 7 வகுக்கும். 469-ஐ 11, 13 இரண்டும் வகுக்காது. முழு எண்ணையும் வகுக்காது. 352352 மாதிரி வந்து கழித்தால் 0 என்றால், மூன்றுமே வகுக்கும்.

காரணம், 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதற்கு ஒன்று குறைவு. 684 ஆயிரங்களை 684 × 1001 ஆக்கினால், கூடுதலாகச் சேர்ந்த 684-ஐக் கழித்துவிட வேண்டும். 684 × 1001-ஐ மூன்றும் வகுக்கும்; மிஞ்சுவது 215 − 684 தான்.

இலக்கம் இன்னும் கூடினால், வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்.

அப்புறம், 684215 = 5 × 7 × 113 × 173. எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வராததால் வகுத்திகள் 2 × 2 × 2 × 2, அதாவது 16. அந்த 113-ஐப் பிடிக்க மட்டும் பகா எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.