"கால் எரியுது" என்றால் ஒத்தடம் கொடுக்காதீர்கள்: தண்டுவடம் அடிபட்டவர் வீட்டில் நடக்கும் தவறுகள்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை இங்கே மறுபடி சொல்லவில்லை. அடிபட்டது முதுகில் என்றாலும் மாற்றம் மூளையிலும் நடக்கிறது. அது தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஒத்தடம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் தென்னை, பனையிலிருந்து விழுந்தவர்கள் வீட்டில் இன்றும் நடக்கிறது இது. சில மாதம் கழித்து, கிள்ளினாலும் தெரியாத காலைக் காட்டி "தீயா எரியுதும்மா" என்கிறான் மகன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறார். "இதமா இருக்காய்யா?" "ஒண்ணும் தெரியல." சூடு பத்தவில்லை போல என்று இன்னும் அழுத்துகிறார். சாயங்காலம் கைலி மாற்றும்போது பார்த்தால் குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்.

எரிச்சல் பொய்யில்லை, அது காலில் பிறக்கவில்லை, அவ்வளவுதான். காலிலிருந்து தகவல் வருவது நின்றதும், மூளையில் காலுக்கென்று இருந்த பகுதிக்குள் பக்கத்துப் பகுதிகளின் தொடர்புகள் பரவுகின்றன. அடிபட்ட இடத்துக்கு மேலுள்ள நரம்பணுக்கள் தூண்டுதல் இல்லாமலே துடிக்கின்றன. மூளை அதைக் கால் எரிவதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் நிஜமாகவே தோல் வெந்தால் அந்தத் தகவல் மேலே போகாது. ரத்த ஓட்டமும் சூட்டைச் சரியாகக் கடத்தாததால் புண் ஆழமாகிறது. ஆறும்வரை காலிபர் (காலைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம்) மாட்ட முடியாது. நிற்கும் பயிற்சி போச்சு. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு இந்தப் புண்ணே பிரஷரை எகிற வைக்கும். தலை வெடிக்கிற மாதிரி வலித்து, முகம் வியர்த்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

எரிச்சல் திடீரென்று கூடினால் யூரின் கலங்கி நாறுகிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள், படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். இவை மூன்றுமே எரிச்சலைக் கூட்டும். எல்லாம் சரியாக இருந்தால் டாக்டரிடம் நரம்பு வலி என்றே சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. கேபாபென்டினோ பிரீகாபலினோ எழுதிக் கொடுத்தால், குறைந்துவிட்டதே என்று நீங்களாகப் பட்டென்று நிறுத்தக் கூடாது.

குளிக்கும் வெந்நீரை விளாவியதும் உணர்வுள்ள ஒருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்பும் சுடும்.

கால் துள்ளியதும் "உயிர் வந்துருச்சு" என்பது

அது தசை இழுப்பு. மூளையின் கட்டுப்பாடு கீழே எட்டாததால் தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை. நினைத்தபோது அசைத்து, நினைத்தபோது நிறுத்த முடிந்தால்தான் கணக்கு.

போன் பார்த்துக்கொண்டே பயிற்சி

பிசியோதெரபிஸ்ட் காலை மடக்க, அடிபட்டவர் ரீல்ஸ் பார்த்தால் மூட்டு இறுகாமல் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கண் காலில் இருக்கட்டும். தானே மடக்குவதாக முயல வேண்டும். கால் அசையாவிட்டாலும் அந்த முயற்சியில் மூளையின் இயக்கப் பகுதி வேலை செய்கிறது.

பலமில்லாத கைக்கு ஓய்வு

கழுத்தில் தண்டுவடம் பாதி மட்டும் அடிபட்டு ஒரு கை பலமிழந்தவர் எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்தால், மற்ற கையை மூளை ஒதுக்கிவிடும். இட்லியைப் பிய்ப்பது அந்தக் கையின் வேலையாக இருக்கட்டும்.

முதுகை நீவிச் சொடுக்கு எடுப்பது

வேண்டவே வேண்டாம். ஆபரேஷனில் முதுகெலும்பைப் பிடிக்க வைத்த ஸ்க்ரூ உள்ளே இருக்கலாம்.